மைமூனா ரீச்சர் நிறுத்த சோடியம் காபனேற்று

மைமூனா ரீச்சரோடு ஒரே ஆசிரியர் அறையில் இருந்தால் உடம்பு வைக்கும். எனக்கு வைத்தது. நான் தர்சிகா, பௌதிகவியல் படிப்பிக்கிறவள். துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிற எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தபோது என்னுடைய சேலைச் சட்டைகள் எல்லாம் எனக்கு அளவாகத்தான் இருந்தன. மைமூனா ரீச்சர் இரசாயனவியல். கிண்ணியாவில் இருந்து பாலம் கடந்து ஸ்கூட்டியில் வருவார். வரும்போது இரண்டு சாப்பாட்டுப் பார்சல் இருக்கும். ஒன்று தனக்கு. மற்றது, யாராவது சாப்பாடு கொண்டுவராமல் விட்டால் கொடுப்பதற்கு. அந்த யாராவது நாள் தவறாமல் நான்தான். என் மேசையில் என் சாப்பாடு திறந்தபடி இருந்தாலும் அது அவர் கண்ணுக்குத் தெரியாது.

“இது என்ன புள்ள, கோழிக்குப் போடுற மாதிரி கொண்டந்திரிக்கீங்க? இதைத் தின்னுங்க.”

மறுத்துப் பார்த்தேன். கோபித்துப் பார்த்தேன். விரதம் என்று பொய்கூடச் சொன்னேன். அடுத்த நாள் தொடக்கம் மரக்கறிப் பார்சல் வந்தது. மனிசி எதையும் அளவோடு கொடுத்துப் பழகாதவர். தேநீர் ஊற்றினால் பீரிசில் வழியும். பாடம் எடுத்தால் மணி அடித்த பிறகும் ஓடும். அடுத்த பாடம் என்னுடையது என்பதால் வாசலில் நின்று தொண்டையைச் செருமுவது என் உத்தியோகத்தில் ஒரு பகுதியாகிவிட்டது. புள்ளி போடுவதிலும் அதே கைதான். அவரிடம் பத்துக்கு ஏழு வாங்கிய பிள்ளை வீட்டில் சொல்ல வெட்கப்படும். மற்ற ரீச்சர்மாரின் பூச்சியமும் அவருடைய ஏழும் ஒன்று.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அவர்மேல் எரிச்சல் நிறைய. பாசமும் நிறைய. இரண்டும் ஒரே நாளில் பல தடவை வந்து போகும்.

எங்கள் உயர்தர விஞ்ஞான வகுப்பு மிகச் சின்னது. நகரத்தின் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காத பெண்பிள்ளைகள்தான் எங்களிடம் வருவார்கள். ஒருநாள் அதிபர் ஆய்வுகூடத்துக்குத் தானாக வந்தார். தண்ணீர்க் குழாய் வெடித்தால் ஒழிய அந்தப் பக்கம் வராத மனிதர்.

“வகுப்பை மூடிப்போட்டு பெரிய பள்ளிக்கூடத்தோட சேர்க்கிறதுக்குக் கல்வி வலயத்தில யோசிக்கினம்,” என்றார். “ஆசிரிய ஆலோசகர் பிரகலாதன் வாறாராம். செய்முறை ஒண்டைப் பாப்பார். பிள்ளைகள் சரியாச் செய்தா வகுப்பு இருக்கும். இல்லாட்டி, என்னால ஒண்டும் செய்ய ஏலாது.”

சேர்ப்பது என்பது மரியாதையான சொல். அங்கே இடமில்லை என்றுதானே இந்தப் பிள்ளைகள் இங்கே வந்தார்கள்? வகுப்பை மூடினால் அவர்கள் கலைப் பிரிவுக்குப் போகவேண்டியதுதான். தாதியாகலாம், மருந்தாளர் ஆகலாம், விஞ்ஞான ரீச்சர் ஆகலாம் என்று வீட்டில் சண்டை பிடித்து வந்து படிக்கிற பிள்ளைகள். மைமூனா அன்றைக்குச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கவே இல்லை. இரண்டையும் என்னிடம் தந்துவிட்டார்.

“செய்முறை எண்டா நியமிப்பைத்தான் கேப்பாரு,” என்றார். “எங்கட பிள்ளைகள் நல்லாச் செய்வாங்க தர்சிகா. நிருசா ஒருத்திதான் பயம். அவளுக்கு ஒரு நாளும் விடை சரியா வாறல்ல.”

நியமிப்பு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சோடியம் காபனேற்று என்ற வெள்ளைத் தூளை 2.65 கிராம் நிறுத்து, தண்ணீரில் கரைத்து 250 மில்லிலீற்றர் ஆக்கவேண்டும். முழு வகுப்புக்கும் இதை மைமூனாவே நிறுத்துக் கரைத்துக் கொடுப்பார். அதில் 0.025 மூல் இருக்கும். மூல் என்பது பெரிய மாயமில்லை. முட்டையை டசினாக எண்ணுகிறோம்; கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகளை இரசாயனக்காரர் மூலாக எண்ணுகிறார்கள். இந்தத் தூளில் ஒரு மூல் 106 கிராம்; நிறையை அதால் வகுத்தால் எண்ணிக்கை வரும், அவ்வளவுதான். பிறகு அந்தக் கரைசலில் 25 மில்லிலீற்றரை ஒரு குடுவையில் எடுத்து, மெதயில் செம்மஞ்சள் என்ற நிறங்காட்டியில் இரண்டு துளி விட்டு, மேலே அளவி என்கிற நீண்ட கண்ணாடிக் குழாயில் இருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். மஞ்சள் நிறம் மாறுகிற இடத்தில் நிறுத்தினால், எவ்வளவு அமிலம் போனது என்று பார்த்து அமிலத்தின் செறிவைக் கணிக்கலாம்.

எங்கள் ஆய்வுகூடத்து அமிலம் பெரிய பள்ளிக்கூடத்தில் இருந்து, 0.2 என்று செறிவு ஒட்டி வரும். ஆகவே அளவி 25.0 காட்டவேண்டும். வகுப்பில் எல்லோருக்கும் 25.0 வரும். நிருசாவுக்கு மட்டும் 26.4 வரும். சல்லிக் கிராமத்துப் பிள்ளை அவள், தகப்பன் கடலுக்குப் போகிறவர். எத்தனை தடவை செய்தாலும் அதே 26.4, அமிலச் செறிவு 0.19. மைமூனா சிவப்புப் பேனையால் ‘கண்ணை மட்டத்துக்குக் கொண்டு வரவும்’ என்று எழுதி ஏழு போடுவார். பிள்ளை முழங்காலில் நின்று, குந்தியிருந்து, கதிரையில் ஏறி, எல்லா மட்டத்திலும் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டது. கடைசியாகச் செய்தபோது தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நின்று அழுததை நான் கண்டேன்.

“எனக்கு இரசாயனம் சரிவராது ரீச்சர்,” என்றாள் என்னிடம். “வகுப்பு மூடமுதல் நானே கலைக்குப் போறன்.”

அதைக் கேட்டுவிட்டு வந்த நான், அடுத்த பாடத்தில் விதுசாவைப் பிடித்துக்கொண்டேன். விதுசா எதையும் ஒளிக்கத் தெரியாத வாயாடி. நீ மட்டும் எப்படி அம்மா 25.0 எடுக்கிறாய் என்று கேட்டேன்.

“எங்களுக்கும் 26.4தான் ரீச்சர் வாறது,” என்றாள். “போத்தல்ல 0.2 எண்டு ஒட்டியிருக்குத்தானே? அதில இருந்து பின்பக்கமா கணக்குப் பாத்தா 25.0. அதை எழுதிறனாங்கள். நிருசாட்டையும் சொன்னனாங்கள், அவள் கேக்கமாட்டாள். தனக்கு வந்ததைத்தான் எழுதுவன் எண்டு நிக்கிறாள். விசரி.”

முழு வகுப்புக்கும் ஒரே பிழை வருகிறது. அதை மறைக்காத ஒருத்திக்குத்தான் ஏழு. மைமூனாவிடம் போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்பிய பிறகு கதிரையில் இருந்துவிட்டார். பிறகு குற்றவாளியைத் தேடத் தொடங்கினார். தண்ணீர் என்றார். கடல்காற்று என்றார். அளவி விற்றவனைத் திட்டினார். பெரிய பள்ளிக்கூடத்து அமிலத்தைச் சந்தேகித்தார். மெதயில் செம்மஞ்சளைக்கூட மோந்து பார்த்தார்.

“ஒருக்கா என்ட கண்ணுக்கு முன்னால தொடக்கத்தில இருந்து செய்யுங்க,” என்றேன்.

செய்தார். தராசில் தாளை வைத்து, சின்னக் கரண்டியால் தூளைத் தட்டித் தட்டிப் போட்டார். திரையில் 2.65 வந்தது. மைமூனாவின் கண் திரையை விட்டு எடுபட்டது. பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய கை போத்தலுக்குள் போய் இன்னும் கொஞ்சம் அள்ளி, தாளில் போட்டுவிட்டு, போத்தலை மூடியது. முகத்தில் ஒரு நிறைவு. அதே முகத்தைச் சாப்பாட்டுப் பார்சல் தரும்போது நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்.

“இப்ப என்ன செய்தீங்க?”

“நிறுத்தன்.”

“அதுக்குப் பிறகு?”

“அதுக்குப் பிறகு ஒண்டுமில்ல. மூடினன்.”

“திரையைப் பாருங்க மைமூனா.”

திரையில் 2.80 நின்றது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். தராசு பழுது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார்.

“அது தட்டுத் தாழப் போட்டது,” என்றார் மெதுவாக.

கதை வெளியே வந்தது. அவருடைய வாப்பா அலியாருக்குக் கிண்ணியாவில் அரிசி, சீனி, பருப்பு விற்கிற கடை. அந்தக் கடையில் தராசு இரண்டு பக்கமும் நேராக நின்றால் நிறுத்து முடிந்தது என்று அர்த்தமில்லை. வாங்க வந்தவரின் தட்டு ஒரு பிடியாவது தாழவேண்டும். குறைத்து நிறுப்பது பெரிய பாவம். கண் பிசகியாவது குறைந்துவிடக்கூடாது என்பதற்காகக் கூட்டியே போடுவார்கள். மைமூனா பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று நிறுத்தவர். பல்கலைக்கழகம் அவருடைய தலைக்குத்தான் இரசாயனம் படிப்பித்தது. கைக்கு அது போய்ச் சேரவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“அப்ப குறையக் குடுக்கச் செல்லுறீங்களா?”

“ஆருக்குக் குடுக்கிறீங்க? குடுவைக்கா? குடுவை என்ன, வீட்ட போய் உம்மாட்டச் சொல்லப்போகுதா, மைமூனா குறைச்சுத் தந்தவ எண்டு?”

அவரும் சிரித்தார். சிரித்தபடியே முகம் மாறியது.

“அப்ப நிருசா?”

“நிருசாட்டச் சொல்லுங்க.”

“செல்லத்தான் வேணும். ஆனா இப்ப செல்லப்போனா பிள்ளைகள் எல்லாம் குழம்பிரும் தர்சிகா. அந்த மனிசன் வந்து போகட்டும். வகுப்பு தப்பட்டும். அதுக்குப் பிறகு செல்லுறன்.”

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் பயந்த மனிசியோடு என்ன கதைப்பது? நிருசாவை மட்டும் கெஞ்சிக் கூத்தாடி அந்த நாள்வரை இருக்கச் சொன்னேன்.

பிறகு மைமூனாவின் கைக்குப் பயிற்சி. சோடியம் காபனேற்று போத்தலின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. வலயத்தில் இருந்து அடுத்தது எப்போது வரும் என்று வலயத்துக்கே தெரியாது. அதனால் உப்பில் பயிற்சி. திரையில் இலக்கம் வந்ததும் கரண்டியைக் கீழே வை, வலது கையை இடது கையால் பிடி, நாலடி பின்னுக்குப் போ. பாவம், முதல் இரண்டு நாளும் கை துடித்தது. பின்னுக்குப் போனவர் திரும்பி ஓடிவந்து ஒரு சிட்டிகை போட்டுவிட்டு, “அல்லாஹ்வே, போட்டுட்டன்,” என்று தலையில் கைவைத்தார். போகப் போகச் சரியாக வந்தது. கடைசி நாள் பிழையே விடவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

பிரகலாதன் சேர் சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்தார். ஒல்லியான மனிதர், சிரிப்பைச் செலவழிக்காதவர். கைப்பையில் இருந்து ஒரு போத்தல் அமிலத்தை எடுத்து மேசையில் வைத்தார். அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

“இது நான் கலந்தது. செறிவு எனக்கு மட்டும் தெரியும். பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும்.”

விதுசா போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போத்தலில் விடை இல்லாத நியமிப்பை அவள் வாழ்க்கையில் செய்ததில்லை. அவள் அவருடைய முகத்தில் எங்காவது ஓர் இலக்கம் எழுதியிருக்கிறதா என்று தேடுவதை நான் பார்த்தேன். யன்னலுக்கு வெளியே, எங்கள் நகரத்துக்குள் திரிகிற மான்களில் ஒன்று நின்று அதிபரின் செவ்வரத்தைப் பூச்செடியைத் தின்றுகொண்டிருந்தது. அதைக் கலைக்கக்கூட ஒருவருக்கும் மனமில்லை.

மைமூனா நிறுக்கப் போனார். நான் கதவடியில் நின்றேன். தூள் விழுந்தது. 2.50. 2.60. அந்த நேரம் பார்த்து பிரகலாதன் சேர் நடந்து வந்து மேசைக்கு மறுபக்கம், மைமூனாவுக்கு நேர் எதிரில், இரண்டு கையையும் மேசையில் ஊன்றி நின்றார். நாங்கள் எல்லாவற்றுக்கும் பயிற்சி எடுத்தோம். எதிரில் ஆள் நிற்பதற்கு எடுக்கவில்லை. சாமான் வாங்க வந்தவர் மாதிரியே நின்றார். ஒரு பை மட்டும்தான் கையில் இல்லை.

2.65 வந்தது. மைமூனா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கை போனது. போட்டது. 2.78.

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

“கூடிப்போச்சு ரீச்சர்,” என்றார் பிரகலாதன் சேர். “திருப்பிப் போத்தலுக்குள்ள போடுங்க.”

மைமூனாவுக்கு வியர்த்துவிட்டது. ஆனால் குரல் அசையவில்லை. “போட்டதைத் திருப்பி எடுக்கிறதில்ல சேர். திருப்பிப் போட்டா போத்தல்ல இருக்கிறதும் பழுதாப் போயிரும்.”

அது கடையின் சட்டமும்தான், ஆய்வுகூடத்தின் சட்டமும்தான். அவர் தலையை ஆட்டினார்.

“அப்ப என்ன செய்யப்போறீங்க? செய்முறைத் தாளில 2.65 எண்டுதானே கிடக்கு?”

மைமூனா திரையைப் பார்த்தார். அதே திரையை அவர் எத்தனை தடவை பார்க்காமல் விட்டிருப்பார்! பிறகு கரும்பலகைக்குப் போய், வழமையாக அங்கே இருக்கும் 0.025 மூல் என்பதைத் துடைப்பானால் அழித்தார். 2.78 கிராம் என்று பெரிதாக எழுதினார்.

“தாளில இரிக்கிறது தாள் எழுதினவர் நிறுத்தது. நாங்க நிறுத்தது இது. மூல் எவ்வளவு எண்டு நீங்களே பாருங்க மகள்மாரே. இண்டைக்குப் பாடமாக்கினது ஒண்டும் உதவாது.”

வகுப்பில் ஒரு முனகல் எழுந்தது. 2.78ஐ 106ஆல் வகுக்க வேண்டும். கணிப்பான் கூடாது. 0.025ஐத் தூக்கத்திலும் சொல்லும் பிள்ளைகள் பேனையைக் கடித்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், வகுத்ததை வெட்டினார்கள், ஒருத்தி மற்றவளின் விரல்களையும் கடன் வாங்கி எண்ணினாள். அமிலம் சொட்டியது. அளவி 22.8 காட்டியது. எல்லோருக்கும் 22.8. பின்பக்கமாகக் கணக்குப் பார்க்க வழியில்லை என்றதும் எல்லோருக்கும் கண் மட்டத்துக்கு வந்துவிட்டது.

பிரகலாதன் சேர் ஒவ்வொருவராகக் கேட்டார். 0.23. 0.23. நிருசாவும் 0.23. விதுசாவிடம் வந்தபோது 0.22 என்றாள்.

“ஏன் பிள்ளை உனக்கு மட்டும் குறைஞ்சது?”

“நான் தாளை நம்பி 2.65 எண்டு போட்டுட்டன் சேர்,” என்றாள் விதுசா. “ரீச்சரை நம்பியிருக்கவேணும்.”

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். “0.23தான். அமிலம் நான் கலந்தது.” பேனையைத் திறந்து எதையோ எழுதப் போனார். எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. வகுப்பு தப்பிவிட்டது.

அப்போதுதான் நிருசா எழுந்து நின்றாள். அவளுடைய கண்கள் கரும்பலகையில் இருந்த 2.78இல் இருந்து அசையவில்லை.

“ரீச்சர், ஒண்டு கேக்கலாமா? நிறை கூடினா அமிலமும் கூடத்தான் போகும், என்ன? அப்ப இவ்வளவு நாளும் எனக்கு 26.4 வந்தது…”

அவள் முடிக்கவில்லை. பிரகலாதன் சேரின் பேனை நின்றது. பெண்பிள்ளைகள் எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நான் மைமூனாவைப் பார்த்து, வேண்டாம், பிறகு சொல்லுங்க என்று கண்ணால் கெஞ்சினேன். ஒரு ‘பிறகு பாப்பம்’ போதும். அந்த மனிதர் எழுதிவிட்டுப் போய்விடுவார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மைமூனா என்னைப் பார்க்கவே இல்லை.

“நீ எழுதினது சரி மகள்,” என்றார். “எல்லா முறையும் சரி. நான்தான் கூட்டி நிறுத்துப்போட்டு 2.65 எண்டு பலகையில எழுதினன். உன்ட கண்ணில ஒரு பிழையும் இல்ல. என்ட கையிலதான் பிழை. உன்னை அழவைச்சிட்டன். என்னை மன்னிச்சுக்க.”

பிரகலாதன் சேர் மைமூனாவைப் பார்த்தார், நிருசாவைப் பார்த்தார்.

“இது நடக்கிறது உங்களுக்கு எப்ப தெரியும் ரீச்சர்?”

“போன கிழமை சேர்.”

“நீங்க இப்ப சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிய வந்திருக்காது.”

“ஓம் சேர். ஆனா இவள் தனக்கு ஏலாது எண்டு நினைச்சுக்கொண்டே போயிருப்பாள்.”

அவர் நிருசாவின் பக்கம் திரும்பினார். “மற்றப் பிள்ளைகளுக்கு என்ன வந்தது அப்ப?”

“எனக்குத் தெரியாது சேர்,” என்றாள் நிருசா. “எனக்கு வந்ததுதான் எனக்குத் தெரியும்.”

மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் இன்னும் தாழ்ந்தன. விதுசாவின் கண்களில் நீர் நிறைந்திருந்தது. அவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. அவரும் ஒரு காலத்தில் இரசாயனம் படித்தவர்தானே. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுதத் தொடங்கினார்.

“வகுப்பு இஞ்சையே இருக்கட்டும்,” என்றார் எழுதியபடி. “ரீச்சர் சொல்லிக்குடுக்கட்டும். நிறுக்கிற வேலையை மட்டும் வேற ஆரிட்டயாவது குடுங்கோ.”

மைமூனா தலையாட்டினார். சந்தோசப்படவே மறந்துபோய், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிருசாவின் மேசைக்குப் போய் அவள் பக்கத்தில் இருந்தார். இரண்டு பேரும் பழைய 26.4ஐ எடுத்து, 2.80ஐ 106ஆல் வகுத்துப் பார்த்தார்கள். செறிவு 0.2 வந்தது. நிருசா அதைத் திரும்பவும் ஒரு தடவை வகுத்தாள், பிறகுதான் நம்பினாள்.

எனக்குப் பின்னால் அழிறப்பர் தேய்க்கிற சத்தம் கேட்டது. விதுசா தன்னுடைய 0.22ஐ அழித்து 0.23 ஆக்கிக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நிருசாவைப் பார்த்தாள். பிறகு தானாகவே அழிறப்பரைக் கீழே வைத்தாள். பாதி அழிந்த 0.22ஐப் பேனையால் திரும்ப எழுதினாள்.